கல்யாணப் பெண்ணுக்குக் கறுப்புச் சேலையா? பழைய ஸ்டூடியோ படத்தைப் பார்க்கும் விதம்

பெங்களூர் அல்சூரில், சோமேஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்துச் சந்தில் என் அத்தை வீடு. போன பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோது ஒரு தகரப் பெட்டி இறங்கியது. பழைய ரேஷன் கார்டுகள், மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகைகள், நசுங்கிய பித்தளைச் செம்பு ஒன்று, எல்லாவற்றுக்கும் அடியில் மல்துணியில் சுற்றிய ஒரு தடித்த அட்டை.

அட்டை மேல் ஒட்டிய படத்தில் பதினாலு, பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நிற்கிறாள். கழுத்து நிறைய நகை. பின்னால் வரைந்த திரையில் மாடிப்படியும் தூணும். நெற்றியில் பெரிய கறுப்புப் பொட்டு. உடம்பைச் சுற்றிக் கறுப்புச் சேலை. அத்தைக்குக் கொள்ளுப்பாட்டி, எனக்கு எள்ளுப்பாட்டி. கல்யாணமாகி வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து, வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்த பெங்களூர் கன்டோன்மென்ட்டுக்கு வந்த கையோடு எடுத்த படமாம்.

"கல்யாணப் பொண்ணுக்கு எவனாவது கறுப்பு எடுத்துக் கொடுப்பானாடா? வந்த மூணாம் மாசம் மாமனார் தவறிட்டாராம். அந்தத் துக்கத்துல எடுத்த படம்னு எங்கம்மா சொல்லுவாங்க" என்றார் அத்தை.

துக்கம் என்றால் இத்தனை நகை எதற்கு? அது சரி, துக்க வீட்டிலிருந்து யாராவது ஸ்டூடியோவுக்குப் போவார்களா? வீட்டில் யாரும் இதைக் கேட்டதில்லை போலிருக்கிறது. சேலை கறுப்பாகத் தெரிகிறது, அதற்கு ஒரு காரணம் வேண்டும், பாவம் மாமனார் போய்விட்டார்.

அது கறுப்புச் சேலையே இல்லை. ஏன் என்று சொல்வதற்கு, 19ஆம் நூற்றாண்டில் ஒரு போட்டோ எப்படி உருவானது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். படத்தில் இருக்கும் முகத்தை மட்டும் பார்க்காமல், கையில் இருக்கும் அட்டையையும் ஒரு சாமானாகப் பார்க்கப் பழகினால் இந்த மாதிரிப் படங்கள் நிறையப் பேசும்.

முதலில் அட்டை

பழைய படங்கள் ஏன் இவ்வளவு தடித்த அட்டையில் இருக்கின்றன? அழகுக்காக என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உண்மையில் அந்தத் தாள் தனியாக நிற்காது. ஓரத்தில் கொஞ்சம் பெயர்ந்த பழைய படம் கிடைத்தால் பாருங்கள், மேலே இருக்கும் தாள் வெங்காயச் சருகு மாதிரி மெல்லியதாக இருக்கும். அட்டையில் ஒட்டாமல் விட்டால் ஓலைச் சுருள்போலச் சுருண்டுகொள்ளும்.

அதற்குக் காரணம் முட்டை. 1850இல் லூயி டெசிரே பிளாங்கார்ட்-எவ்ரார் என்ற பிரெஞ்சுக்காரர் முட்டையின் வெள்ளைக்கருவைத் தாளில் பூசும் முறையைக் கொண்டுவந்தார். ஆல்புமென் தாள் என்று அதற்குப் பெயர். வெள்ளைக்கருவில் உப்புக் கலந்து நுரைக்க அடித்து, தெளியவைத்து, அதன் மேல் தாளை மிதக்கவிட்டு எடுத்துக் காயவைப்பார்கள். தாளுக்கு ஒரு மினுமினுப்பு வரும். படமும் நாருக்குள் இறங்காமல் மேலேயே நிற்கும், அதனால் நகையின் வேலைப்பாடு வரை துல்லியமாகத் தெரியும். ஆனால் காய்ந்த வெள்ளைக்கரு தாளை இழுக்கும். அதனால்தான் கஞ்சிப்பசை போட்டு அட்டையில் ஒட்ட வேண்டியிருந்தது.

இந்தத் தாள் பெருமளவில் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்திலிருந்து உலகமெங்கும் போனது. அங்கே ஒரே ஒரு கம்பெனி 1888இல் மட்டும் 60 லட்சத்துக்கும் அதிகமான முட்டைகளை உடைத்திருக்கிறது. முட்டை வாசமே ஆகாத எத்தனையோ வீடுகளின் கூடத்தில், முழுக்க முழுக்க முட்டையில் உட்கார்ந்திருக்கும் தாத்தாக்களுக்கு வெள்ளிக்கிழமை தோறும் சந்தனப்பொட்டு வைக்கிறார்கள். பின்னால் வந்த தாள்களில் முட்டைக்குப் பதில் ஜெலட்டின். அது எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுப்பது. ஆக, சைவத் தாத்தாவுக்கு எப்படியும் தப்ப வழியில்லை.

அட்டையின் அளவுக்கும் ஒரு கதை உண்டு. 1854இல் பாரிஸில் அந்திரே அதோல்ஃப் யூஜேன் திஸ்தேரி என்ற போட்டோகிராஃபர் ஒரு காப்புரிமை வாங்கினார். ஒரே கண்ணாடித் தகட்டில் பல சின்னப் படங்களை எடுத்துவிடுவது அவருடைய யோசனை. எட்டுப் படம் வரை ஒரு தகட்டில் எடுத்து, ஒரே தாளில் அச்சுப் போட்டு, கத்தரித்து ஒட்டினால் ஆச்சு. தகடு ஒன்று, மருந்து ஒரு தடவை, படம் எட்டு. விலை சடசடவென்று இறங்கியது. அட்டை சுமார் இரண்டரை அங்குல அகலம், நான்கு அங்குல உயரம். நம் ஏடிஎம் கார்டைவிடக் கொஞ்சம் பெரிது. பார்க்கப் போகும் வீட்டில் கொடுக்கும் பெயர் அட்டையின் அளவு என்பதால் கார்ட் தெ விசித் என்று பெயர்.

எல்லா ஊரிலும் ஒரே அளவு என்று ஆனதும் நடந்ததுதான் வேடிக்கை. அந்த அளவுக்குத் துளை வெட்டிய ஆல்பங்கள் வந்தன. தோல் அட்டை, பித்தளைக் கொக்கி, தங்கப்பூச்சு விளிம்பு. லண்டனில் எடுத்த அட்டையும் பம்பாயில் எடுத்ததும் பெங்களூரில் எடுத்ததும் ஒரே துளைக்குள் போய் உட்காரும். 1860இல் லண்டனில் மேயால் என்பவர் விக்டோரியா மகாராணி குடும்பத்தின் படங்களை இப்படி அட்டைகளாக விற்றார். அப்புறம் சொந்தக்காரர்களின் படத்தோடு ராஜா, ராணி, நாடகக்காரர் படங்களையும் வாங்கி ஒரே ஆல்பத்தில் சொருகிவைக்கும் பைத்தியம் பிடித்தது. கன்டோன்மென்ட்டில் இருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்க்கு இது ரொம்ப வசதி. கடித உறைக்குள் வைத்து ஊருக்கு அனுப்பிவிடலாம்.

1866இல் இதைவிடப் பெரிய அட்டை சந்தைக்கு வந்தது. நாலேகால் அங்குல அகலம், ஆறரை அங்குல உயரம். இன்றைய மேக்ஸி பிரிண்ட்டைவிடக் கொஞ்சம் பெரிது. கேபினட் கார்டு என்பார்கள். அலமாரி மேல் நிறுத்திவைத்தால் தூரத்திலிருந்தே முகம் தெரியும். எங்கள் எள்ளுப்பாட்டி படம் இந்த வகை.

தகடும் வெள்ளியும்

தேர்தலில் ஓட்டுப் போட்டதும் விரலில் மை வைக்கிறார்களே, மைசூரில் தயாராகும் மை, அதில் இருப்பது சில்வர் நைட்ரேட். வைக்கும்போது ஊதாவாக இருக்கும், வெயில் பட்டதும் கறுத்துப்போகும், தேய்த்தாலும் போகாது. போட்டோவின் அடிப்படையும் இதுவேதான். வெளிச்சம் பட்டால் வெள்ளி உப்புக் கறுக்கும். அந்தக் காலப் போட்டோகிராஃபர்களின் விரல்கள் எப்போதும் ஓட்டுப் போட்ட விரல்கள் மாதிரிதான் இருந்திருக்கும்.

1839இல் தாகேர் செய்துகாட்டிய முதல் முறையில் வெள்ளி பூசிய செப்புத் தகட்டிலேயே படம் விழுந்தது. ஒரு படம் எடுத்தால் ஒன்றுதான், பிரதி கிடையாது. 1851இல் ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் என்ற ஆங்கிலேயர் கண்ணாடியில் நெகட்டிவ், அதாவது வெளிச்சமும் இருட்டும் இடம் மாறிய படம், எடுக்கும் முறையை வெளியிட்டார். காப்புரிமை கேட்காமல் எல்லோருக்கும் கொடுத்துவிட்டார். கடைசியில் ஏழையாகச் செத்தார். அடுத்த முப்பது வருடம் ஸ்டூடியோக்கள் அவர் முறையில்தான் பிழைத்தன.

அமிலத்தில் ஊறிய பஞ்சை ஈதரிலும் ஆல்கஹாலிலும் கரைத்தால் பிசுபிசுவென்று ஒரு திரவம் கிடைக்கும். அதுதான் கொலோடியன். அதில் அயோடைடு உப்பைச் சேர்த்து, கண்ணாடி மேல் ஊற்றி, ஆப்பச் சட்டியைச் சுழற்றுகிற மாதிரி நாலு மூலைக்கும் ஓடவிட வேண்டும். மிச்சத்தைக் குப்பியிலேயே வடித்துக்கொள்ளலாம். பிறகு இருட்டறையில் சில்வர் நைட்ரேட் தொட்டியில் சில நிமிடம் முக்கி, சொட்டச் சொட்ட எடுத்து, வெளிச்சம் படாத பெட்டியில் வைத்து, கேமராவுக்கு ஓடி, படமெடுத்து, திரும்ப ஓடிவந்து கழுவ வேண்டும். எல்லாம் தகடு காய்வதற்குள். காய்ந்துவிட்டால் படம் இல்லை.

நம் ஊர் வெயிலில் இது எவ்வளவு பெரிய தலைவலி! ஈதர் கிட்டத்தட்ட 35 டிகிரியிலேயே கொதிக்கும். மெட்ராஸ் சித்திரை வெயிலில் குப்பியைத் திறந்தாலே ஆவியாகும். அந்த விதத்தில் பெங்களூர்க் குளிர் ஒரு வரம்தான். மதராஸ் அரசின் போட்டோகிராஃபராக இருந்த லினேயஸ் ட்ரைப் 1850களின் பின்பாதியில் பெங்களூரைத் தலைமையிடமாக வைத்துக்கொண்டுதான் வேலை பார்த்தார். 1858இல் மதுரைக்கும் தஞ்சைக்கும் போய் அவர் எடுத்த கோயில் படங்கள் பெயர் பெற்றவை. 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து கன்டோன்மென்ட் வரை ரயிலும் வந்துவிட்டது. கண்ணாடியும் அமிலக் குப்பியும் மாட்டு வண்டியில் குலுங்கி வர வேண்டிய அவசியம் தீர்ந்தது.

நெகட்டிவ் தயாரானதும் அச்சு. முட்டைத் தாளில் சில்வர் நைட்ரேட் ஏற்றி, நெகட்டிவோடு சேர்த்து மரச்சட்டத்தில் இறுக்கி, வெயிலில் வைத்துவிடுவார்கள். மொட்டைமாடியில் வடாம் காயவைப்பது போல வரிசையாகச் சட்டங்கள். அவ்வப்போது சட்டத்தின் பின்பக்கத்தைப் பாதி திறந்து, படம் ஏறிவிட்டதா என்று எட்டிப் பார்க்கலாம். போதுமென்றால் எடுத்துத் தங்க உப்புக் கரைசலில் முக்குவார்கள். சிவந்த பழுப்பு ஊதா கலந்த பழுப்பாக மாறும், நீண்ட நாள் நிற்கும். அப்புறம் படத்தை மேலும் கறுக்காமல் நிறுத்தும் ஹைப்போ கரைசல், அப்புறம் பல தண்ணீரில் அலசல். அலசலில் சோம்பேறித்தனம் காட்டியிருந்தால் பின்னாளில் படம் மஞ்சளித்துக் காட்டிக்கொடுக்கும். முட்டை, வெள்ளி, தங்கம், கஞ்சி. பெட்டியில் கிடந்த அட்டையில் இத்தனையும் இருக்கின்றன.

சேலை விஷயத்துக்கு வருவோம்

நம் கண்ணுக்கு எல்லா நிறமும் தெரியும். கொலோடியன் தகட்டுக்கு நீலமும் ஊதாவும் மட்டும்தான் தெரியும். நீலம் எங்கே இருந்தாலும் அதற்கு அது வெளிச்சம், அச்சில் வெள்ளையாக வரும். சிவப்பும் மஞ்சளும் அதற்கு இருட்டு, அச்சில் கறுப்பாக வரும். இருட்டறையில் மஞ்சள், சிவப்பு விளக்கு வைத்துக்கொண்டு தைரியமாக வேலை செய்ததும் இதனால்தான். அந்த வெளிச்சம் தகட்டுக்குத் தெரியாது.

இதை நம் வீட்டுக் கல்யாணத்துக்குப் பொருத்திப் பாருங்கள். குங்குமம் கறுப்பு. மஞ்சள் பூசிய முகம் மாநிறத்துக்கும் கீழே இறங்கும். தாலிச் சரடு கறுப்புக் கயிறு. தங்கம் பளபளக்கிற இடத்தில் மட்டும் வெள்ளைப் புள்ளி, மற்ற இடமெல்லாம் மங்கல். மல்லிகை வெள்ளையாகவே இருக்கும். பக்கத்தில் கனகாம்பரம் வைத்திருந்தால் அது கூந்தலோடு கூந்தலாக மறைந்துபோகும். திருநீறு தப்பித்துவிடும். நாமத்தில் வெள்ளைக் கோடு வெள்ளை, நடுவில் இருக்கும் சிவப்பு கறுப்பு. மயில்கழுத்து நீலம் வெளிறிப்போகும். அரக்கு, குங்குமச் சிவப்பு, மாம்பழ மஞ்சள் எல்லாமே கிட்டத்தட்ட ஒரே கறுப்பு. கன்டோன்மென்ட் வெள்ளைக்காரச் சிப்பாயின் சிவப்புக் கோட்டுக்கும் இதே கதிதான்.

மனிதர்களின் நிறத்துக்கும் இது பொருந்தும். பழுப்பு நிறத்தில் சிவப்பும் மஞ்சளும்தான் அதிகம். ஆகவே நம்மவர்கள் இருந்ததைவிடக் கறுப்பாகவே பதிந்தார்கள். பழைய படத்தைப் பார்த்து "தாத்தா நல்ல கறுப்பு" என்று அடித்துச் சொல்கிறவர்கள் கொஞ்சம் பொறுக்கலாம். வெள்ளைக்காரர்களின் நீலக் கண்கள் வெளிறி, பேய்க்கண் மாதிரி முழிப்பதும் இந்தக் கோளாறால்தான்.

1871இல் ரிச்சர்டு லீச் மேடாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் ஜெலட்டின் தகட்டுக்கு வழி காட்டினார். 1880களில் கடையில் வாங்கி அலமாரியில் வைத்துக்கொள்ளும் காய்ந்த தகடுகள் வந்து, ஈர ஓட்டம் ஒழிந்தது. ஆனால் நிறக் குருடு ஒழியவில்லை. 1873இல் ஜெர்மனியில் ஹெர்மன் வோகல் சாயம் சேர்த்துத் தகட்டுக்குப் பச்சையையும் காட்டலாம் என்று கண்டுபிடித்தார். சிவப்பையும் பார்க்கிற தகடு கடைக்கு வந்தது 1906இல்தான். எள்ளுப்பாட்டியின் படம் அதற்கு முந்தையது. அது சிவப்புச் சேலையாக இருந்திருந்தால், கறுப்பாகத் தெரிவதைத் தவிர அதற்கு வேறு வழியே இல்லை. ரொம்ப அடர்ந்த பச்சை என்றாலும் இப்படித்தான் வந்திருக்கும். கல்யாணச் சேலை என்று பார்த்தால் சிவப்பு வகைக்கே வாய்ப்பு அதிகம்.

இந்தக் குறையைத் தூரிகையால் ஈடுகட்டிய கலைஞர்களும் உண்டு. அச்சின் மேலேயே வண்ணம் தீட்டி, உதட்டைச் சிவக்கவைத்து, நகைக்குத் தங்கம் பூசுவார்கள். வெளிநாட்டில் கன்னத்தில் லேசாக ஒரு சிவப்பு தடவுவதோடு நின்றுவிடுவார்கள். நம் நாட்டில், முக்கியமாக ராஜஸ்தானத்து ஓவியர்கள், முகத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதெல்லாம் ஓவியமாகிவிடும் அளவுக்குத் தீட்டினார்கள். அடியில் போட்டோ இருப்பதே தெரியாது. எனக்கென்னவோ, முழுக்கத் தீட்டிய அந்தப் படங்கள்தான் பிடிக்கும். வெளிச்சம் விட்டுவிட்டதைக் கை நிரப்பியிருக்கிறது.

ஸ்டூடியோவுக்குள்

மின் விளக்கு பரவாத காலம். ஸ்டூடியோ என்றால் மாடியில், வடக்குப் பார்த்துக் கண்ணாடிக் கூரை போட்ட அறை. வடக்கு வெளிச்சம் நாள் முழுக்க ஒரே சீராக இருக்கும், நேர் வெயில் முகத்தில் அடிக்காது. பெங்களூர்க்காரர்கள் லால்பாக் கண்ணாடி மாளிகையை நினைத்துக்கொள்ளலாம். 1889இல் அடிக்கல் நாட்டிக் கட்டியது. அதில் ஒரு மூலையை வெட்டி எடுத்து வீட்டு மாடியில் வைத்தால் ஸ்டூடியோ. கூரைக்கு அடியில் கம்பியில் ஓடும் திரைகள் உண்டு. திரையை இழுத்தும் தள்ளியும் முகத்தில் நிழலைக் கூட்டலாம், குறைக்கலாம். மேகம் மூடினால் வேலை மந்தம்.

ஈரத் தகட்டுக் காலத்தில் சில நொடிகள், வெளிச்சம் குறைந்தால் இன்னும் கூடுதலாக, அசையாமல் இருக்க வேண்டும். இதற்காகக் கனமான இரும்புக் காலில் ஒரு தண்டு, அதன் உச்சியில் தலையைப் பிடிக்கும் கவை. பின்னாலிருந்து கழுத்தை அணைத்துக்கொள்ளும். பழைய படங்களில் நிற்பவரின் குதிகாலுக்குப் பின்னால் இந்த இரும்புக் காலின் நுனி எட்டிப் பார்ப்பதைக் காணலாம். எள்ளுப்பாட்டி படத்தில் சேலைக் கொசுவம் தரையைத் தொடுகிற இடத்தில் லேசாக ஒரு வளைவு தெரிகிறது. அது இந்தக் கால்தான் என்பது என் ஊகம்.

இந்த இரும்புத் தாங்கியை வைத்து இணையத்தில் ஒரு கட்டுக்கதை உலவுகிறது: பிணத்தை நிற்கவைத்துப் படமெடுக்கத்தான் இது என்று. நம்பாதீர்கள். தலை ஆடாமல் பிடிக்கும் அளவுக்குத்தான் அதற்குப் பலம் உண்டு. ஒரு முழு உடம்பின் பாரத்தைத் தாங்காது. இறந்தவரைப் படமெடுக்கும் வழக்கம் இருந்தது உண்மைதான். நம் பக்கத்திலும் மாலை போட்டு நாற்காலியில் உட்காரவைத்து எடுத்திருக்கிறார்கள். வயதானவர்கள் வீட்டில் அப்படி ஒரு படமாவது இருக்கும். அதற்கும் இரும்புக் காலுக்கும் சம்பந்தமில்லை.

நாற்காலியை எள்ளுப்பாட்டி பிடித்திருப்பதும் வெறும் பாவனை இல்லை. கைக்கு ஒரு பிடிமானம் கிடைத்தால் உடம்பு ஆடாது. உட்காருவதற்குப் பாயும் மணையும் இருந்த வீட்டுப் பெண்ணுக்கு, செதுக்கு வேலை செய்த நாற்காலி ஒன்றைத் தொட்டுக்கொண்டு நிற்பதில் ஒரு கம்பீரமும் சேர்ந்துகொள்கிறது. தூணும் மாடிப்படியும் துணியில் வரைந்தவை. சில ஸ்டூடியோக்களில் மரத்தூணே உண்டு. கம்பளத்தின் மேல் நிற்கும் தூணைக் கண்டால் அது எதையும் தாங்கவில்லை என்று புரிந்துகொள்ளலாம். எங்கள் படத்தில் இடது ஓரத்தில் திரைத்துணி முடிந்து, சுவரின் ஒரு கீற்று தெரிகிறது. எனக்கு அந்தக் கீற்றுத்தான் படத்திலேயே பிடித்த இடம். ஸ்டூடியோக்காரர் அதைக் கத்தரிக்க மறந்துவிட்டார்.

நாற்காலி, திரை, கம்பளம் இவற்றைக் கவனித்துவைத்துக்கொள்ளுங்கள். பெயர் இல்லாத படம் ஒன்றில் அதே நாற்காலி தென்பட்டால், அதுவும் அதே ஸ்டூடியோவாக இருக்க வாய்ப்புண்டு.

ஒரு பெண் அந்நிய ஆண் முன்னால் நிற்பதே பெரிய விஷயமாக இருந்த காலம். போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்ற பேச்சு வேறு. லாலா தீன் தயாள் என்ற போட்டோகிராஃபர் 1892இல் ஹைதராபாத்தில் பெண்களுக்கென்றே தனி ஸ்டூடியோ திறந்து, கென்னி-லெவிக் என்ற ஆங்கிலேயப் பெண்மணியைப் பொறுப்பில் வைத்தார். 1896இல் பம்பாயிலும் கடை போட்டார். பம்பாய் இந்த விஷயத்தில் எல்லோருக்கும் முந்தியது. 1854இலேயே அங்கே போட்டோகிராஃபி சங்கம் இருந்தது. அடுத்த வருடம் எல்ஃபின்ஸ்டன் கல்வி நிலையத்தில் வகுப்பே தொடங்கிவிட்டார்கள். அதில் படித்து வந்த ஹரிச்சந்த் சிந்தாமண் சொந்தமாக ஸ்டூடியோ நடத்தினார். பெங்களூரில் பார்ட்டன் சன் அண்ட் கோ என்ற பெயரை மைசூர் சமஸ்தானத்துப் பழைய படங்களில் பார்க்கலாம்.

திருப்பிப் பாருங்கள்

படம் கிடைத்ததும் முதலில் செய்ய வேண்டியது பின்பக்கத்தைப் பார்ப்பது. முன்பக்கத்தில் இருப்பது முகம் என்றால் பின்பக்கத்தில் இருப்பது விலாசம். ஸ்டூடியோ பெயர், ஊர், வாங்கிய பதக்கங்களின் படம், கவர்னருக்கு எடுத்தோம் ராஜாவுக்கு எடுத்தோம் என்ற பீற்றல், கூடவே கேமராவும் தூரிகைத் தட்டும் பூக்கொடியும். நெகட்டிவ் பத்திரமாக இருக்கிறது, எப்போது கேட்டாலும் பிரதி தருவோம் என்று ஒரு வரியும் அடிக்கடி இருக்கும். சில அட்டைகளில் கையால் எழுதிய எண் உண்டு. அது நெகட்டிவ் எண். ஆனால் கண்ணாடிக்கு விலை உண்டே, பல தகடுகளைச் சுரண்டிக் கழுவி மறுபடி பயன்படுத்தினார்கள். அட்டைகளே பெரும்பாலும் ஐரோப்பாவில் அச்சாகிக் கப்பலில் வந்தவை. மிகச் சின்ன எழுத்தில் பாரிஸ் அச்சகப் பெயர் இருந்தால், படம் பாரிஸில் எடுத்தது என்று ஏமாந்துவிடாதீர்கள்.

காலத்தை ஊகிக்கவும் அட்டை உதவும். 1860களின் சின்ன அட்டைகள் மெல்லியவை, மூலைகள் சதுரமாக இருக்கும், பின்பக்கம் எளிமையாக இருக்கும். 1870களில் மூலை உருண்டது. 1880, 90களில் அட்டை தடித்து, கறுப்பு, பச்சை, அரக்கு என்று அடர்நிறமாகி, விளிம்பு சரிவாக வெட்டித் தங்கம் பூசியதாக மாறியது. எங்கள் அட்டை அடர்பச்சை, தங்க விளிம்பு, கீழே தங்க எழுத்தில் ஸ்டூடியோ பெயரும் பெங்களூர் என்ற ஊர்ப்பெயரும். 1890களாக இருக்கலாம், குடும்பக் கணக்கும் அதற்கு ஒத்துவருகிறது. இது துல்லியமான சாட்சி இல்லைதான்; பழைய அட்டைக் கட்டை வீணாக்காமல் பத்து வருடம் ஓட்டிய சிக்கனக்காரர்கள் எல்லா ஊரிலும் இருந்திருப்பார்கள்.

ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் தாளின் வகையையும் பார்க்கலாம். மெல்லிய தாளில் பழுப்புப் படம், வெள்ளையான இடங்கள் மஞ்சளித்து, மேற்பரப்பில் சிலந்தி வலைபோல நுண்ணிய விரிசல் என்றால் அது முட்டைத் தாள். இருண்ட பகுதிகளில் சாய்த்துப் பார்க்கும்போது கண்ணாடி மாதிரி வெள்ளி மினுங்கினால் பெரும்பாலும் ஜெலட்டின். அட்டைப் படங்களை நேரில் பார்த்துப் பழக வேண்டுமென்றால் கஸ்தூர்பா சாலையில் 2023இல் திறந்த மியூசியம் ஆஃப் ஆர்ட் அண்ட் ஃபோட்டோகிராஃபியில் பழைய இந்தியப் போட்டோக்களின் பெரிய சேகரம் இருக்கிறது. போகும் முன் அப்போது என்ன காட்சியில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு போங்கள்.

வைத்திருப்பது எப்படி

இதில் எங்களுக்கு ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. எள்ளுத்தாத்தாவின் படமும் ஒன்று இருந்தது, இதே மாதிரி அட்டையில். பல வருடங்களுக்கு முன் கூடத்தில் மாட்டலாம் என்று ஒரு கடையில் ஃபிரேம் போடக் கொடுத்தார்கள். கையிருப்பில் இருந்த சட்டத்துக்குப் படம் பெரிதாக இருந்ததாம். அட்டையை நாலு பக்கமும் வெட்டி, பின்பக்கம் முழுக்கப் பசை தடவி ஹார்டுபோர்டில் ஒட்டிவிட்டார்கள். இப்போது தாத்தா முகம் இருக்கிறது. எந்த ஸ்டூடியோ, எந்த ஊர், என்ன எண், எதுவும் இல்லை. அவர் யாராக வேண்டுமானாலும் இருக்கலாம்.

ஆகவே வெட்டாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள், பிளாஸ்டிக் தாளைப் பிரித்து ஒட்டும் பசை ஆல்பத்தில் வைக்காதீர்கள். கண்ணாடி நேராகப் படத்தைத் தொட்டால் மழைக்காலத்தில் ஒட்டிக்கொள்ளும். நடுவே இடைவெளி விட்டுச் சட்டம் போடச் சொல்லுங்கள். கஞ்சிப்பசையும் முட்டையும் இராமபாணப் பூச்சிக்கு விருந்து. ஈரமில்லாத, சூடில்லாத இடத்தில் அமிலமற்ற தாளில் சுற்றி வையுங்கள். பரண் அதற்கு ஏற்ற இடமே இல்லை, எங்கள் அட்டை தப்பியது மல்துணியின் புண்ணியம். ஸ்கேன் செய்யும்போது பின்பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். எழுத வேண்டியதைப் பின்பக்க ஓரத்தில் பென்சிலால் மெதுவாக எழுதுங்கள். பேனா மை ஊறும்.

இதையெல்லாம் அத்தையிடம் சொல்லி முடித்தபோது அவர் அட்டையை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்க் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அப்போ மாமனார் சாகலையா?"

"செத்திருக்கலாம் அத்தை. அதுக்கும் சேலைக்கும் சம்பந்தம் இல்லைன்னுதான் சொல்றேன்."

"சேலை என்ன கலர்?"

"தகட்டுக்குத் தெரியாது. அரக்கா இருக்கலாம், குங்குமச் சிவப்பா இருக்கலாம், மஞ்சளாக்கூட இருக்கலாம்."

"அரக்குதான்" என்றார் உடனே. எப்படித் தெரியும் என்றேன். அவருடைய அம்மா சின்ன வயதில் ஒரு கிழிந்த அரக்குப் பட்டைப் பார்த்திருக்கிறார். ஜரிகையில் வெள்ளி கனமாக இருந்ததால் அதைப் பிரித்து உருக்கக் கொடுத்து, வந்த காசில் ஒரு குத்துவிளக்கு வாங்கினார்களாம். விளக்கு இன்றும் பூஜை அறையில் இருக்கிறது. அந்தப் பட்டும் படத்தில் இருக்கும் சேலையும் ஒன்றுதானா என்று கேட்க வாய் வந்தது. அத்தை அதற்குள் பென்சிலை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டார்.

"எழுது. அரக்குப் பட்டு."

எழுதினேன். பக்கத்தில், இன்னும் சின்ன எழுத்தில், "அத்தை சொன்னது" என்றும் சேர்த்துவிட்டேன்.